சுங்குராமர் தோட்டமும் நேப்பியர் பூங்காவும்

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள். பார்க்கைத் தேடாதீர்கள். 1859-ல் டிரெவெல்யன் துரை 116 ஏக்கரில் போட்ட பீப்பிள்ஸ் பார்க்கை ரிப்பன் மாளிகையும் ஸ்டேடியமும் பங்குபோட்டுச் சாப்பிட்டாயிற்று. மிச்சம், ஸ்டேஷன் போர்டுதான்!

கூவத்தைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை. அங்கே சுங்குராமர் என்று ஒருவருக்குப் பெரிய தோட்டம் இருந்தது. சாதாரண ஆளில்லை, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வியாபாரி. ஆனால் பதவி போனால் தோட்டத்துக்கு ஏது பாதுகாப்பு? 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் பார்த்தார்: மூன்று பக்கமும் ஆறு, நல்ல நிழல், மாஜி ஓனர். வேறென்ன வேண்டும்? சுங்குராமர் கத்திப் பார்த்தார். கம்பெனியா காதில் வாங்கும்?

பிட்டுக்கு வேண்டியது துணி. லண்டனுக்குக் கப்பலேற்ற நெசவாளிகள் பக்கத்திலேயே இருக்கணும். நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர், வெளுப்பவர், இவர்களுக்குத்தான் அங்கே வீடு. கூடவே கோயில், அதற்கு அர்ச்சகர், தேவதாசிகள். அதாவது, 1984-ல் நம்ம தாம்பரத்துக்கு வந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கு 250 வருஷம் மூத்த தாத்தா. என்ன, மெப்ஸில் தேவதாசிகளுக்கு இடம் ஒதுக்கவில்லை.

பாவு நீட்டத் தெரு, துணி அலசக் கூவம். ஆமாம் சார், வெள்ளைத் துணியை, கூவத்தில்! சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது ஆறு.

பிறகு மான்செஸ்டர் மில் துணி வந்தது. தறிச் சத்தம் தேய்ந்தது. தோட்டத்தை அழித்துத் தறி போட்ட அதே பேட்டையின் ஓரத்தில், தறிகள் ஓய்ந்த காலத்தில், வெள்ளைக்காரர்களே ஒரு பூங்கா போட்டார்கள். சுங்குராமர் இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். பேர் என்ன வைத்தார்கள்? நெசவாளி பேரையா? விளையாடாதீர்கள். நேப்பியர் பூங்கா! 1866 முதல் 72 வரை கவர்னராக இருந்த பிரபு.

இன்றைக்கு அது மே தினப் பூங்கா. மே 1 வந்தால் தலைவர்கள் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு மலர்வளையம் வைக்கிறார்கள். உழைப்பாளி ஒருவழியாக போர்டில் ஏறிவிட்டான், தறியெல்லாம் போன பிறகு.

சுங்குராமருக்கு பாரிமுனைப் பக்கம் ஒரு தெரு மிஞ்சியது. நேப்பியருக்கோ மெரினா ஓரத்துப் பாலம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் வந்ததும் அதன் மேலே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்துவிட்டார்கள். ராஜா, மந்திரி வேண்டாம், ஒரு சிப்பாயாகக்கூட ஆக்கவில்லை. கவர்னர் பிரபுவை மொத்தமாகப் பலகையாக்கி, அவர் மேலே பஸ்ஸையும் ஆட்டோவையும் காய் நகர்த்த விட்டுவிட்டார்கள்.