பழைய ரெக்கார்டு பிளேயரைக் காரில் கொண்டுபோதல்: எல்லைப்புற ஆய்வு

ஓரிடத்தில் உட்கார்ந்து சுற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் ரெக்கார்டு பிளேயர். அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது அதன் இயல்புக்கு விரோதமான காரியம். ஆயினும் பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் இது நடக்கவே செய்கிறது. கல்பாத்தி அக்ரஹாரத்து மச்சில் கிடந்த எச்.எம்.வி. பெட்டி, வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர்ப் பேரன் வீட்டுக்குப் போகிறது. மூணாறு எஸ்டேட் லயத்தில் பெரியப்பா வைத்திருந்தது, போடிமெட்டு இறங்கிப் போடிக்கு வந்து சேர்கிறது.

பெட்டியை வண்டியில் எங்கே வைப்பது என்பதில் அறிஞர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துள்ளனர். டிக்கிக் கட்சியினர் பெரும்பாலும் கார் ஓட்டுபவர்கள். கண்ணில் படாதது பத்திரமாக இருக்கும் என்பது இவர்கள் துணிபு. பின்சக்கர அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதிதான் காரிலேயே அதிகமாகத் தூக்கிப்போடும் என்பதை இவர்கள் ஏற்பதில்லை. மடிக் கட்சியினர் வீட்டின் மூத்தோர். "நான் மடியில வெச்சுக்கறேன், நீ பாத்து ஓட்டு" என்பது இவர்களின் மூல சூத்திரம். மனித மடி குலுக்கலை நன்கு தாங்கும் என்பதில் ஐயமில்லை. அது கஞ்சிக்கோடு வருமுன்பே தூங்கிவிடும் என்பதே அதன் குறை. காலடிக் கட்சியினர், முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் தளத்தைப் பரிந்துரைக்கின்றனர். இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்டது என்பதால் அங்கே ஆட்டம் குறைவு. திடீர் பிரேக் போட்டாலும் பெட்டி பாய்வதற்கு இடமில்லை. இயற்பியல் முழுக்க இவர்கள் பக்கம். ஆனால் அந்த இடத்தில் சாப்பாட்டுக் கூடைக்குப் பரம்பரை உரிமை உண்டு. கூடை விட்டுக்கொடுக்காவிட்டால் பின்சீட்டே கதி. சீட் பின்னோக்கிச் சரிந்திருப்பதால், மடித்த போர்வையைப் பெட்டியின் பின்விளிம்புக்கு அடியில் கொடுத்துச் சமமாக்கி, சீட் பெல்ட்டைப் போட்டுவிட வேண்டும்.

இனி வளைவுகள். போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் அரைச்சுற்று என்று கொண்டால் மொத்தம் எட்டரைச் சுற்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி. தட்டு இதை 15.3 நொடியில் முடித்துவிடும். 78 சுற்றுத் தட்டுக்கு ஆறரை நொடி போதும். கார் எடுத்துக்கொள்ளும் நேரமோ, முன்னால் போவது ஏலத்தோட்டத்து ஜீப்பா, பஸ்ஸா என்பதைப் பொறுத்தது. வளைவுகள் இடமும் வலமுமாக மாறி மாறி வருவதாகக் கொண்டால், 16 வளைவுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, கடைசியில் பிளேயருக்கு மிஞ்சுவது வெறும் அரைச்சுற்று. இந்தக் கணக்கு ஊசியைத் தாங்கும் டோன் ஆர்முக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். கட்டாமல் விட்டால் அது 17 முறையும் முழுமனதோடு குறுக்கே போய்வரும்.

ஆகவே புறப்படும் முன் டோன் ஆர்மை அதன் தாங்கியில் படுக்கவைத்துப் பருத்தி நாடாவால் கட்ட வேண்டும். ரப்பர் பேண்டு ஆகாது. வெயிலில் இளகி ஒட்டிக்கொண்டால் அதைச் சுரண்டி எடுப்பதே தனித்தொழில். ஊசிக்கு மூடி போட வேண்டும். கழற்ற வரும் சுழல்தட்டைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும்; கனமான உலோகம், குழிக்குக் குழி தன் தண்டையே இடிக்கும். காரார்ட் வகை இயந்திரங்கள் பெட்டிக்குள் ஸ்பிரிங்குகளின் மேல் மிதப்பவை. பயணத்தின்போது அசையாமல் பிடிப்பதற்கென்றே அவற்றில் திருகாணிகள் உண்டு. பலரும் இவற்றை அலங்காரம் என்றே கருதிவந்துள்ளனர்.

சாவி கொடுக்கும் கிராமபோனுக்கு விதி வேறு. அதன் சுருள்வில்லை முழுக்க ஓடவிட்டுத் தளர்த்திய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். இல்லையேல் பிரேக் நழுவி, நடுவழியில் தானாகச் சுற்றத் தொடங்கும். சவுண்ட் பாக்ஸுக்குள் பெரும்பாலும் மெல்லிய மைக்கா தகடு இருப்பதால் அதைக் கழற்றிப் பஞ்சில் வைப்பது நலம். குழல் தனியே வர வேண்டும். அதன் அகன்ற வாயைப் பார்க்கும் எவருக்கும், இதற்குள் இரண்டு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் கச்சிதமாக உட்காருமே என்று தோன்றும். தோன்றக் கூடாது.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது. நெட்டுக்குத்தாக, சாயாமல் நிறுத்த வேண்டும். பழைய 78 தட்டுகள் அரக்கு கலந்து வார்த்தவை. கீழே விழுந்தால் ஒட்டவைக்க வழியில்லை. கோட்டாயி பக்கத்துச் செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896–1974) தட்டு வீட்டில் இருந்தால், பாலக்காட்டு வழக்கப்படி முன்சீட் அதற்கே. மாப்பிள்ளை பின்னால் உட்காரலாம். வினைல் தட்டுக்கு வெயில்தான் எமன். கோடையில் பாலக்காடு 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காருக்குள் 60 வரை ஏறுவதும் உண்டு. டீக்கு நிறுத்தும்போது கடையின் சுவையைவிட மரத்தின் நிழலே முக்கியம்.

ஓடும் காரிலேயே தட்டு போடும் முயற்சியும் நடந்திருக்கிறது. 1956இல் கிரைஸ்லர் நிறுவனம் டேஷ்போர்டுக்குக் கீழே 16⅔ சுற்றுப் பிளேயரைப் பொருத்தி விற்றது. சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. அவர்கள் போடிமெட்டைப் பார்த்திருந்தால் தொடங்கியே இருக்கமாட்டார்கள்.

சோதனைச் சாவடி தனி அத்தியாயம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் வாளையாற்றில் வரிக்கான லாரி வரிசை ஒழிந்தது. ஆனால் கலால், வனத்துறைச் சாவடிகளில் "எந்தா இது?" என்ற கேள்வி ஒழியவில்லை. மூடியைத் திறந்து காட்டுவதே சுருக்குவழி. அலுவலர் ஐம்பது வயதைக் கடந்தவரானால் அதுவே சுற்றுவழியாகிவிடும். போட்டுக் காட்டச் சொல்வார்.

மலைக்குளிரிலிருந்து சமவெளிப் புழுக்கத்துக்கு இறங்கிய இயந்திரத்தில் ஈரம் கோக்கும் என்பதால், சேர்ந்தவுடன் கரண்ட் கொடுக்காமல் சில மணி நேரம் ஆறவிட வேண்டும். பிறகு மறக்காமல் திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். "வந்ததிலிருந்து ஒரே கொர்ரு கொர்ரு" என்ற புகார்களில் சில இதனால் எழுபவை. முதல் சோதனைக்கு, கீறல் விழுந்தாலும் கவலையில்லாத தட்டு ஒன்றைப் போடுவது முறை. அது எந்தத் தட்டு என்பதில் மாமாவும் அத்தையும் இதுவரை உடன்பட்டதாகத் தெரியவில்லை.