ஃபெயிலாகாத வாத்தியார்

2021 ஜூலை 13. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. ஏழை நாடுகளுக்குத் தரும் உதவியை நாட்டு வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக வெட்டியது சரிதான் என்று கையைத் தூக்கினார்கள். 0.7 கொடுத்தே தீருவோம் என்று 2015-இல் சட்டம் போட்டதும் இதே நாடாளுமன்றம்தான்.

பதினைந்தே நாள். ஜூலை 28. அதே லண்டனில் உலகக் கல்வி மாநாடு. நடத்தியவர் உதவியை வெட்டிய அதே பிரதமர் போரிஸ் ஜான்சன். கூட நின்று வரவேற்றவர் அன்றைய கென்ய அதிபர் உஹுரு கென்யாட்டா. பெண் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கல்வி என்பது ஜான்சனுக்குப் பிரியமான கோஷம். 500 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று கூடினார்கள். 400 கோடிக்கு வாக்குறுதி வந்தது. வாக்குறுதிதான், பணமல்ல. அரங்கம் அதிரக் கைதட்டல். வெட்டிய கைகளும் தட்டின.

இப்போது அந்த 0.5-ம் பெரிதாகத் தெரிகிறதாம். 2027-க்குள் 0.3-க்கு இறக்கப் போகிறார்கள். அதற்கும் ஒரு மாநாடு வைத்துக் கைதட்டுவார்கள், பாருங்கள்.

கென்யாவை நான் சும்மா இழுக்கவில்லை. உலகத்துக்குப் பாடம் எடுக்கிற வாத்தியார்கள் அத்தனை பேரும் தங்கள் பாடங்களை எழுதி அழித்த பலகை அது.

1963-இல் விடுதலை. 1974-இல் முதல் நான்கு வகுப்புக்குக் கட்டணம் ரத்து. பிள்ளைகள் வந்தார்கள். 1980-களில் கடன் வந்தது. கடனோடு புத்திமதியும் வந்தது. உலக வங்கியும் ஐ.எம்.எஃப்-பும் கொண்டுவந்த கட்டமைப்புச் சீர்திருத்தம். அதில் பள்ளிக்கூடத்துக்கான வரி இதுதான்: செலவைப் பெற்றோரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பகிர்ந்துகொள்வது என்றால் கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். கட்டடம், பெஞ்சு, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் அப்பன் தலையில். கட்டாத பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்புவார்கள். பணத்தோடு வா, பாடம் படி. எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் போனவர்கள்தான், திரும்பவில்லை.

யார் கேட்டது? கேட்டது கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் என்பதுதான் வேடிக்கை. தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் விதிக்கச் சொல்கிற எந்தக் கடனையும் உலக வங்கியில் அமெரிக்கப் பிரதிநிதி எதிர்க்க வேண்டும் என்று 2000-இல் சட்டம் போட்டார்கள். வாஷிங்டன் சொன்ன யோசனையை வாஷிங்டனே வெட்கப்பட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

2003 ஜனவரி. புதிதாகப் பதவிக்கு வந்த கிபாக்கி அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை ஒரே அடியாக ஒழித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்குள் புகுந்தார்கள். அடுத்த ஆண்டு கிமானி மாருகே என்ற 84 வயதுக் கிழவர் சீருடையோடு ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். உலகமே படம் பிடித்தது. கட்டணம் என்ற ஒரே ஒரு கதவு இத்தனை காலம் எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருந்தது என்பதற்கு இதற்கு மேல் ஆய்வறிக்கை வேண்டுமா?

உலக வங்கி உடனே ஓடி வந்தது. இலவசக் கல்விக்கு 5 கோடி டாலர் மானியம். மாட்டை விற்கச் சொன்ன வட்டிக்காரரே பிறகு வந்து மூக்கணாங்கயிறு வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரி.

அரசு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒதுக்கியது 1,020 ஷில்லிங். அன்றைய மதிப்பில் 14 டாலர்கூட வராது. அதில் 650 ஷில்லிங் தனிக் கணக்கில் போகும். அந்தக் கணக்குக்குப் பெயர் சிம்பா. ஸ்வாஹிலியில் சிங்கம். பாடநூல், நோட்டு, பேனா, சாக்பீஸ், டஸ்டர் எல்லாம் இந்தச் சிங்கத்தின் வாயிலிருந்துதான் பிடுங்க வேண்டும். மீதி 370-இல் தண்ணீர், மின்சாரம், ரிப்பேர். சரி, பிள்ளைகள் வந்துவிட்டார்கள், சாக்பீஸும் வந்துவிட்டது. சாக்பீஸைப் பிடிக்க ஆள்? 1998-லேயே புதிய ஆசிரியர் நியமனத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அரசுச் சம்பளச் செலவு எகிறக் கூடாது என்பது கடன்காரர்களின் கண்டிப்பு. ஓய்வு பெற்றவர், செத்தவர் இடத்தை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம். ஆக, பத்து லட்சம் பிள்ளைகள் கூடுதல், ஆசிரியர் அதே எண்ணிக்கை. ஒரு வகுப்பில் நூறு தலைகள்.

அப்புறம் 2019-இல் உலக வங்கி ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்து அறிவித்தது. கற்றல் வறுமை. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேரால் ஒரு எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லையாம். அறிக்கையைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வந்து தொண்டையில் நிற்கிறது. ஒரு வாத்தியாருக்கு நூறு பிள்ளை என்று ஆக்கிவிட்டு, அந்த நூறு பேரும் ஏன் படிக்கவில்லை என்று கேட்க உங்களுக்கு நாக்கு எப்படி ஐயா புரள்கிறது?

நோயைச் சொன்னவர்களிடம் மருந்தும் தயார். தனியார். நைரோபியில் முக்குரு என்றொரு குடிசைப் பகுதி. அங்கே 2009-இல் பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அகாடமீஸ் என்ற கம்பெனி முதல் பள்ளியைத் திறந்தது. தகரக் கொட்டகை. வாத்தியார் கையில் டேப்லெட். எதைப் பலகையில் எழுத வேண்டும், எப்போது கேள்வி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்துவிடும், அவர் பார்த்து வாசித்தால் போதும். பில் கேட்ஸ் பணம் போட்டார், ஸக்கர்பெர்க் போட்டார். உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுப் பிரிவான ஐ.எஃப்.சி ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டது. 2015-இல் வங்கித் தலைவர் ஜிம் யோங் கிம் மேடையிலேயே புகழ்ந்தார்: மாதம் ஆறு டாலர்தான் செலவு! தொடக்கக் கல்வி இலவசம் என்று சட்டமே உள்ள நாட்டில், ஆறு டாலர்தான் என்கிறார். மூன்று பிள்ளை இருந்தால் பதினெட்டு. சோறு, சீருடை தனி. நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து கண்டன அறிக்கை விட்டன. பக்கத்து உகாண்டாவில் இந்தப் பள்ளிகளை மூடச் சொன்ன அரசு உத்தரவு செல்லும் என்று 2016-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலீடு அசையவில்லை.

இந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. கென்யாவில் அந்தப் பள்ளிகளில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார்கள் வந்தன. வங்கியின் சொந்தக் குறைதீர்ப்பு அமைப்பே விசாரணையில் இறங்கியது. குழந்தைகளுக்கு இருந்த ஆபத்தை ஐ.எஃப்.சி கண்காணிக்கத் தவறியது என்று கண்டது. ஆனால் ஐ.எஃப்.சி 2022 மார்ச்சிலேயே பங்குகளை விட்டுவிட்டு வெளியேறியிருந்தது. முதலீடு செய்தவருக்கு வெளியே போக ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. அந்தத் தகரக் கொட்டகையில் படித்த பிள்ளைக்கு எந்த வழி இருந்தது?

உள்ளூர்ப் பெரிய மனிதர்களை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். இலவசக் கல்விக்கு என்று வந்த பணத்தைக் கல்வி அமைச்சகத்திலேயே சுருட்டியது 2009-இல் வெளியே வந்தது. பிரிட்டன் உதவியை நிறுத்தியது. உலக வங்கியும் நிறுத்தியது. தண்டனை யாருக்கு? சுருட்டியவன் பிள்ளை தனியார் பள்ளியில் பத்திரமாக இருந்தது. நோட்டு வராமல் போனது மற்ற பிள்ளைகளுக்கு.

உதவிக் கணக்கு எழுதுகிற கலையையும் சொல்லிவிடுகிறேன். ஏழை நாட்டு மாணவர் ஒருவர் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ போய்ப் படிக்கிறார். அவருக்காக அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆன செலவு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதையும் கல்வி உதவி என்று எழுதிக்கொள்கிறார்கள். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி-யின் விதி அனுமதிக்கிறது. பணம் அந்த ஊரை விட்டு நகரவே இல்லை. ஆனால் ஆப்பிரிக்கா வாங்கிக்கொண்டதாக ரசீது. மிச்சத்தில் ஒரு பங்கு நிபுணர்களுக்கு. நட்சத்திர ஓட்டல், ஏசி ஹால், திறன் வளர்ப்புப் பயிலரங்கம், துணிப்பை, பேனா, மத்தியானம் பஃபே, சாயங்காலம் கையெழுத்துப் போட்டுப் பேட்டா. இந்தக் காட்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை. திட்டம் என்ற பெயரில் எது நடந்தாலும் இப்படித்தான் என்று உங்களுக்கே தெரியும்.

வாங்குவது தெரிகிறது. கட்டுவது? ஐ.நா-வின் அங்க்டாட் அமைப்பு 2024-இல் சொன்னது: கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட அதிகமாகக் கடன் வட்டிக்குக் கொடுக்கும் நாடுகளில் 330 கோடிப் பேர் வாழ்கிறார்கள். உலகத்தில் ஐந்தில் இரண்டு பேர். மாநாட்டு மேடையில் எந்தத் தலைவராவது இந்த ஒரு வரியைப் படித்துக் கேட்டிருக்கிறீர்களா?

கென்யாவில் 2024-இன் முதல் பாதி இப்படிப் போனது. இடைநிலைப் பள்ளிகளில் சுமார் 46,000 பேர் பயிற்சி ஆசிரியர் என்ற பெயரில் மாதம் 20,000 ஷில்லிங்குக்கு, அதாவது ஏறக்குறைய 150 டாலருக்கு, முழு வேலை பார்த்தார்கள். நிரந்தரமாக்குங்கள் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். பணமில்லை என்றது அரசு. கடனைக் கட்ட வேண்டும், அதற்கு வரி வேண்டும். பின்னாலிருந்து ஐ.எம்.எஃப் தலையாட்ட, ரொட்டி வரை வரி போட ஒரு நிதி மசோதா வந்தது. தெருவுக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? 2003-க்குப் பிறகு கட்டணமில்லாமல் பள்ளிக்குப் போன தலைமுறை. மசோதாவை வரி வரியாகப் படித்து, தாய்மொழிகளில் மொழிபெயர்த்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எளிய கதையைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் என்று எழுதிவைத்தீர்களே, அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டங்களில் குறைந்தது 39 பேர் செத்தார்கள் என்று அடுத்த வாரமே கென்ய மனித உரிமை ஆணையம் சொன்னது. மசோதா வாபஸ்.

2014-இல் கென்யா வெளியிட்ட 200 கோடி டாலர் கடன் பத்திரமும் அதே ஜூன் மாதம்தான் முதிர்ந்தது. அதை அடைக்க அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே 9.75 சதவீத வட்டிக்கு 150 கோடி டாலர் புதிதாகக் கடன் வாங்கியிருந்தார்கள். தவணை தவறவில்லை. முழுத் தொகையும் கட்டப்பட்டது.