காபிக்கடை ஆடிட்டர்

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் காபிக்கடை உண்டு. கடைக்குக் கடை ஓர் ஆடிட்டரும் உண்டு. பட்டமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனாலும் நாட்டின் வரவு செலவைக் காலை எட்டு மணிக்குள் தணிக்கை செய்து முடித்துவிடுவார். நான் சொல்பவர் பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் ஊர்க்காரர்.

செல்போனில் தலைப்பை மட்டும்தான் படிப்பார். கீழே உள்ள செய்தி சந்தேகப் பிராணிகளுக்கு என்பது அவர் கட்சி. தலைப்புக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அது யார் கைக்குப் போகிறது என்பதை ஏழாவது பத்தியில் பதுக்கிவைப்பார்கள்.

2024 ஏப்ரல் 20-ஆம் தேதி, உக்ரைனுக்குச் சுமார் 6,100 கோடி டாலர் உதவி, பிரதிநிதிகள் சபை ஒப்புதல் என்று செய்தி. 23-ஆம் தேதி செனட் ஒப்புதல். 24-ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்து. "ஒரே வாரத்துல மூணு தடவையா!" என்று மேஜையைக் குத்தினார். காகித நாப்கினில் கூட்டிப் பார்த்தார்: 18,300 கோடி.

அந்தப் பணம் நோட்டுக் கட்டாக விமானம் ஏறிப் போவதாகத்தான் அவர் எண்ணம். உண்மையில் அதில் கணிசமான பங்கு, கொடுத்த ஆயுதத்துக்கு ஈடாகப் புதிது செய்ய அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கே போகிறது. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டின் கூட்டைச் செய்யும் ராணுவ ஆலை ஒன்று அவர் ஊரிலேயே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அங்கேதான் நைட் ஷிப்ட். ஓவர்டைம் காசில் மாப்பிள்ளை வாங்கிய படகில் ஞாயிறுதோறும் மீன் பிடிப்பவர் மாமனார். "எங்க மாப்பிள்ளை உழைப்பாளி. அரசாங்கத்தை நம்பாம பொழைக்கிறான்" என்பார் பெருமையாக.

2023 ஜூனில், பாதுகாப்புத் துறையான பென்டகனின் கணக்கில் 620 கோடி டாலர் பிழை என்று வந்த தலைப்பு அவருக்குத் தீபாவளி. "அடிச்சுட்டானுங்க!" என்றார். யாரும் அடிக்கவில்லை. உக்ரைனுக்குக் கொடுத்த பழைய ஆயுதங்களுக்குப் புதிது வாங்கும் விலையைப் போட்டுவிட்டார்கள். தேய்மானம் கழித்தபோது அவ்வளவு மிஞ்சியது. இருபது வருஷத்து டிரக் மரத்தில் மோதியபோது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அவர் கேட்டதும் புது டிரக்கின் விலையைத்தான். அது பிழையல்ல, உரிமை.

ஒருநாள் பரிமாறும் பெண்மணி பொறுக்காமல் கேட்டார்: "பட்ஜெட்டுல வெளிநாட்டு உதவிக்கு எவ்வளவு போகுதுன்னு நினைக்கிறீங்க?"

"கால் பங்கு!" கருத்துக் கணிப்புகளில் அமெரிக்கர்கள் சராசரியாகச் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

"எவ்வளவு குடுத்தா நியாயம்?"

ஆடிட்டர் யோசித்தார். மனசு இரங்கியது. "ஏழை பாழைங்க இருக்காங்க. பத்து பர்சென்ட். அதுக்கு மேல ஒரு சென்ட் கூடாது."

வழக்கமாகப் போவது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். உதவியைப் பத்து மடங்காக உயர்த்திய களிப்பில், இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார்.