திணை மயக்கத்தில் ஏழு சேலைகள்: ஒரு பருவ முன்னாய்வு

ஜூனில் கல்லூரி திறக்கிறது. எந்த அலகை எந்த வாரம் நடத்துவது என்று லெசன் பிளான் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அதை எந்தச் சேலையில் நடத்துவது என்பதை மட்டும் எந்த உரையாசிரியரும் தொடவில்லை. நச்சினார்க்கினியருக்கு அந்தத் தேவை எழவில்லை போலும். அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்களம்: வீடு ஏற்காட்டில், கல்லூரி சேலத்தில். வீட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். கல்லூரி 300 மீட்டருக்கும் கீழே. 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் எட்டு டிகிரி வித்தியாசம். இலக்கணப்படி சொன்னால், குறிஞ்சியில் கொசுவம் வைத்துப் பாலையில் வருகைப்பதிவு எடுக்க வேண்டும். (சேலத்தை மருதம் என்பாரும் உளர். கோடை மதியத்தில் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால் கருத்தை மாற்றிக்கொள்வர்.) நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி கடந்ததும் ஸ்வெட்டர் பைக்குள் போகும். இரு திணைகளின் எல்லை அதுவே எனத் துணியலாம். உட்கார இடம் கிடைக்காத நாளில் கொசுவமும் நெகிழும். இதற்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லை, சேஃப்டி பின் உண்டு.

இனி மையச் சிக்கல். கல்லூரி கிழமை பார்ப்பதில்லை. டே ஆர்டர் பார்க்கும். ஒன்று முதல் ஆறு வரை, லீவு வந்தாலும் விட்ட எண்ணிலிருந்தே தொடரும். பருவத்துக்கு 90 நாள். ஆறு சேலைகளை வரிசையாக உடுத்தும் ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் டே ஆர்டரில் மட்டும் வகுப்புள்ள பிள்ளைகள் பருவம் முழுக்க, 15 முறையும், அதே மாம்பழ நிறச் சேலையையே பார்ப்பார்கள். பாவம், இருப்பதே அது ஒன்றுதான் என்று முடிவுகட்டுவார்கள். கட்டினார்கள். அனுபவம்.

ஏழாவதாக ஒரு சேலை சேர்ந்தால் சிக்கல் தீரும். ஆறுக்கும் ஏழுக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லாததால் 42 நாளில் எந்த வகுப்பும் ஏழையும் கண்டுவிடும். அந்த மகிழ்ச்சியில் சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போய் எட்டாவதையும் வாங்குவது பெரும்பிழை. எட்டு இருந்தால் ஒரு வகுப்பு காண்பது நான்கே. ஒன்பது என்றால் மூன்று. பத்து என்றால் ஐந்து. அடுத்த நல்ல எண் பதினொன்று. பீரோ நிரம்ப நிரம்ப ஏழ்மை கூடும் இந்த விந்தையைப் பொருளாதாரத் துறையினர் கவனிக்க வேண்டும்.

இந்த அழகிய தேற்றத்தை மூடுபனி கெடுக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் சேர்வராயன் மலையில் பருத்தி காய்வதில்லை. கஞ்சி போட்டது புளித்த வாடையோடு மூன்று நாள் கொடியில் தொங்கும். ஏழில் ஒன்று ஈரம் என்றால் மீதி ஆறு. மறுபடி மாம்பழ நிறம். ஐந்தாம் அலகு முடியாமல் போவதும் ஏழாம் சேலை காயாமல் போவதும் ஒரே பருவத்தில் நிகழ்வது தற்செயலா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆகவே உற்றார் உறவினர்க்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு எனக்கு ஒற்றைச் சேலை யாரும் எடுத்துத் தர வேண்டாம். எடுப்பதானால் நான்காக எடுங்கள்.