அநாமதேயர்

சிங்கத்தின் படத்தையோ சினிமா நடிகரின் படத்தையோ முகமாக வைத்துக்கொண்டு, பெயருக்குப் பின்னால் எட்டு இலக்கங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, எக்ஸ் தளத்தில் அறிந்தவர் அறியாதவர் என்ற பேதமின்றி வசைமாரி பொழியும் பிரகிருதியைப் பற்றி ஜனங்கள் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது: இருட்டறை, சிவந்த கண்கள், வேலைவெட்டி இல்லாத வாலிபம். பிறர் துன்பத்தில் இன்பம் காணும் சுபாவம் இவ்வகையினரிடம் மிகுதி என்று கனடா தேசத்து மனோதத்துவ நிபுணர் மூவர் 2014-ல் எழுதியதும், அந்தச் சித்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாற்போல் ஆயிற்று.

ஆனால் நம் அநாமதேயரோ, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்ட, ஐம்பது வயது தாண்டிய சாந்த ஸ்வரூபி. ரேஷன் கடை வரிசையில் எவனாவது குறுக்கே புகுந்தால் "பரவாயில்லை, போங்க தம்பி" என்பார்; கண்டக்டர் தர வேண்டிய இரண்டு ரூபாயைக் கேட்கக் கூசி, பேசாமல் இறங்கிவிடுவார். இரவு சாப்பாடு முடிந்து, மனைவி விழித்துவிடாதபடி போனின் வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் அவருடைய வீரம் பிரவாகமெடுக்கிறது. பழம்பெரும் பாடகி ஒருவர் பட்டுப் புடவையில் படம் போட்டிருந்தால், "பாட்டிம்மா, போதும், ரெஸ்ட் எடுங்க" என்று எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் இரண்டை ஒட்டி, லைக் விழுகிறதா என்று பக்த சிரத்தையோடு காத்திருப்பார். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சொந்தப் பெயரில், குத்துவிளக்குப் படத்தோடு ஓர் இனிய இரவு.

இவ்வளவும் செய்கிறவரிடம், தமக்கு அபிமானமான நடிகரை வேறோர் அநாமதேயன் கிழித்துத் தொங்கவிட்டிருப்பதைக் காட்டிப் பாருங்கள். "பேர் போடக்கூட தைரியமில்லாத பேக் ஐடி பசங்க சார்" என்று மெய்யாகவே மனம் நொந்துபோவார். நம்மவன் எழுதினால் நையாண்டி, எதிராளி எழுதினால் ட்ரோல் என்ற இந்தத் தர்மசாஸ்திரத்தில் அவருக்கும் அவரைத் திட்டுகிறவர்களுக்கும் லவலேசமும் அபிப்பிராய பேதம் கிடையாது. எல்லாரையும் ஆதாரோடு கட்டிப்போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பது அவர் சித்தாந்தம். அப்படித்தான் தென்கொரியாவில் 2007-ல், பெரிய தளங்களில் எழுதுகிறவர்கள் மெய்யான அடையாளத்தை நிரூபித்தாக வேண்டுமென்று சட்டம் போட்டார்கள். வசவு குறிப்பிடும்படி குறையவில்லை என்று சொல்லி, 2012-ல் அந்நாட்டு அரசியல்சாசன நீதிமன்றமே அதை ரத்து செய்துவிட்டது. இதை யாராவது எடுத்துச் சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

"கொரியாக்காரன் சரியா செக் பண்ணியிருக்க மாட்டான் சார்."