மூன்று விநாடி, பத்துக் கோடி

கேள்வி: நயன்தாரா ஆவணப்படம் பார்த்தேன். நம்ம கண்டிப் பக்கத்து நட்சத்திரம் யாருக்காவது இப்படியொரு படம் வருமா? (வாசகி, கட்டுகஸ்தோட்டை)

பதில்: 2022 ஜூனில் மகாபலிபுரத்தில் நடந்த நயன்தாரா கல்யாணம். நாம் பந்தியில் உட்கார 2024 நவம்பர் 18 ஆகிவிட்டது. அதற்கும் நெட்ஃபிளிக்ஸ் சந்தா என்று முன்கூட்டியே மொய்! அந்தரங்கத்தைவிட வெளியே நடந்த சண்டைதான் சுவை. ‘நானும் ரௌடி தான்’ படப்பிடிப்புக் காட்சி 3 விநாடி வந்ததற்கு, அப்படத்தின் தயாரிப்பாளர் தனுஷ் தரப்பு கேட்டது 10 கோடி இந்திய ரூபாய். விநாடிக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

நம்மவரா? கண்டி மாவட்டம் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தவர் எம்.ஜி.ஆர். ‘நான் ஏன் பிறந்தேன்’ என்று தன் கதையைத் தானே எழுதியவர். ஆனால், கேமராவுக்காகத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றியிருப்பாரா? சந்தேகம்தான். எடுக்கத் துணிபவர்கள் பதுளை ரயிலேறட்டும், வழியில்தான் நாவலப்பிட்டி.