கோட்டுகளுக்கு ஒரு கும்பிடு

பெருமதிப்புக்குரிய வெளிநாட்டுக் கல்விமுறை ஆய்வுக் குழுவினருக்கு,

பின்லாந்துப் பயணத்தை வெற்றிகரமாக முடித்துத் திரும்பிய கையோடு பள்ளிகளுக்குத் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்துப் பூரித்தோம். ஒவ்வொரு வகுப்பறையையும் 'மகிழ்ச்சி வகுப்பறை' ஆக்கி, பிள்ளைகள் சிரிப்பது தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, மாலை ஐந்து மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டும். தவறினால் விளக்கம் கேட்கப்படும். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியராக இருப்பவருக்கும் இதே ஆணைதான். கவலை வேண்டாம், சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினாலே பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அதன் முகப்புப் படமும் அழகு: பனி, பள்ளிக்கூடம், அதன் முன்னே வரிசையாகக் குளிர்க்கோட்டுகள். உள்ளே இருப்பது தாங்கள்தான் என்று நம்புகிறோம்.

கோட்டுகளின் கண்ணில் அங்கே வண்ண நாற்காலிகள் பட்டிருக்கின்றன, இலேசான புத்தகப் பைகள் பட்டிருக்கின்றன. படாமல் போனது ஒரு சட்டம். 1960-கள் வரை பின்லாந்திலும் பதினொரு வயதில் பிள்ளைகளைப் பிரித்தார்கள். கட்டணம் கட்டி மேலே படிக்க முடிந்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். 1968-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் இரண்டையும் கலைத்து, எல்லார் பிள்ளைக்கும் ஒன்பதாண்டு ஒரே பள்ளி என்று சட்டம் செய்தது. 1972-ல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கி 1977-ல் தலைநகர் வட்டாரத்தில் முடித்தார்கள். 1979 முதல் நிரந்தர ஆசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டம் கட்டாயமானது. அதற்கெல்லாம் பிறகுதான், 1990-களின் தொடக்கத்தில், பள்ளி ஆய்வாளர் முறையையே ஒழித்தார்கள். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டுகிறேன். முதலில் பள்ளியைப் பொதுவாக்கினார்கள், அடுத்து ஆசிரியரை உருவாக்கினார்கள், கடைசியில் அவரை நம்பினார்கள். தாங்கள் கடைசிக் காட்சியை மட்டும் படமெடுத்து வந்து, நம்பிக்கையைச் செயலி வழியாகக் கண்காணிக்கச் சொல்கிறீர்கள்.

இந்த ஞானத்துக்குக் கோட்டு தைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்பதுதான் சோகம். நம் நாட்டின் கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே பொதுப்பள்ளி முறையையும் அருகமைப் பள்ளியையும் பரிந்துரைத்துவிட்டது. பின்லாந்து சட்டம் செய்ததற்கு இரண்டாண்டு முந்தி! அந்த அறிக்கை விமானத்தில் வருவதில்லை, அதைப் படிக்கப் பயணப்படியும் கிடையாது. 2010-ல் தமிழ்நாட்டில் சமச்சீர்க் கல்வி வந்தபோதுகூட நாம் சமமாக்கியது பாடநூலைத்தான். பள்ளி அவரவர் பணப்பைக்கு ஏற்றபடியே இருந்தது. பயணங்களின் பலனையும் பார்த்துவிட்டோம். 2019-ல் தமிழ்நாட்டின் அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் பின்லாந்து போய்வந்தார். பள்ளிப் படிப்பின் முடிவில் வருகிற ஒன்றைத் தவிர வேறு நாடு தழுவிய பொதுத்தேர்வே இல்லாத தேசம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து அரசாணை வந்தது! எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில்தான் திரும்பப் பெற்றார்கள்.

பின்லாந்து சின்ன நாடு, பணக்கார நாடு என்பீர்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம், உண்மைதான். ஆனால் 1952 வரை சோவியத் ஒன்றியத்துக்குப் போர் இழப்பீடு கட்டிக்கொண்டிருந்த நாடு, அதற்கு முன்பே, 1948-ல், எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு போட்டது. பள்ளியில் சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதைக் காமராஜர் ஆண்ட மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டில்லாமலே நாம் செய்து காட்டிய காரியம் அது. பின்லாந்தே இப்போது சரிந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசாவின் கணிதத் தேர்வில் 2006-ல் 548 புள்ளி எடுத்த நாடு 2022-ல் 484-க்கு இறங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. அவர்கள் இறங்கியதை நாம் அறிவது, அவர்கள் ஒவ்வொரு முறையும் தேர்வில் உட்காருவதால்தான். 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. வாசிப்பில் பின்லாந்து 536, தமிழ்நாடு 337. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா ஒதுங்கிக்கொண்டது. 2019-ல் மறுபடி சேர ஒப்பந்தம் போட்டும் 2022-ல் உட்காரவில்லை. பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு உட்கார்த்த அத்தனை அவசரப்பட்டவர்கள், தமக்கான தேர்வென்றதும் ஓடிவிட்டார்கள்.

சிங்கப்பூர் தேர்வை வைத்துத்தானே முதலிடத்தில் நிற்கிறது என்றும் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே பன்னிரண்டு வயதில் பொதுத்தேர்வு உண்டு. 2022 கணிதத்தில் 575 புள்ளி. தேர்வு வைக்கும் நாடும் வைக்காத நாடும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுதான்: ஆசிரியரைப் பொறுக்கி எடுத்து, முழுநேரம் வைத்து, கௌரவமாகச் சம்பளம் கொடுப்பது. அந்தக் கௌரவத்தைக் கைவினைப் பாடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்: கைவினையைப் பின்லாந்து 1866-லேயே பள்ளிப் பாடமாக்கியது. நாம் 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பகுதிநேர ஆசிரியராக எடுத்து, மாதம் 5,000 ரூபாய் கொடுத்தோம். ஐயாயிரம் ரூபாய்! தங்கள் கோட்டு ஒன்றின் விலை என்ன? இது அநியாயம், வேறு பெயர் கிடையாது. மன்னிக்கவும், கோட்டின் நேர்த்தியைக் குறை சொல்லவில்லை, வெட்டு பிரமாதம்.

அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. பின்லாந்தின் 1968 சட்டத்துக்கு மிக அருகில் இந்தியா போன இடம் அந்த ஒரு தீர்ப்புதான். அது காகிதத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே தங்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த பயண அறிக்கையின் முகப்பில் பனிப்படம் வேண்டாம். அந்த இடத்தில், குழுவிலுள்ளவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்ற எண்ணை மட்டும் அச்சிடுங்கள். மாலை ஐந்து மணிக்குள் ஏற்றினால் நல்லது.